பரோக் புனிதர்கள் ஏன் இருட்டில் நிற்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "ஐரோப்பிய பரோக் ஓவியங்களில் புனிதர்கள் எல்லோரும் இருட்டறைக்குள் ஃபோகஸ் லைட் போட்டது போல ஏன் நிற்கிறார்கள்? அந்தக் காலத்தில் மெழுகுவர்த்திதான் இருந்தது என்பதாலா? படங்கள் பழசாகிக் கறுத்துவிட்டனவா? இல்லை, சும்மா ஒரு நாடக பாணியா?"

பரோக் என்பது 1600-களில் ஐரோப்பாவில் ஓங்கியிருந்த கலைப் பாணி. மூன்று ஊகத்திலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் முழுப் பதில் கிடைக்காது. முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிட்டு மூன்றாவதுக்கு வருகிறேன்.

மெழுகுவர்த்தி எல்லா நூற்றாண்டிலும் இருந்தது. 1400-களில் பிளாரன்சில் வரைந்த பிரா ஆஞ்செலிகோவும் இரவில் அதைத்தான் ஏற்றியிருப்பார். அவருடைய புனிதர்களோ தங்கப் பின்னணியில், சீரான வெளிச்சத்தில், நிழல் அதிகம் படாமல் நிற்கிறார்கள். ஆகவே வீட்டில் என்ன விளக்கு எரிந்தது என்பதை வைத்து இதை விளக்க முடியாது. தவிர, ஓவியர்கள் பெரும்பாலும் பகலில், ஜன்னல் வெளிச்சத்தில்தான் வேலை பார்த்தார்கள்.

படம் கறுத்துப்போவது நிஜம். மேலே பூசிய வார்னிஷ் ஆண்டுகள் போகப் போகப் பழுப்பேறும். எண்ணெய் வண்ணம் மெல்ல மெல்ல ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும். அடியில் கரும்பழுப்புப் பூச்சு இருந்தால் அது மேலே எட்டிப்பார்க்கும். ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இப்படித்தான். அதில் இருப்பது பகல் காட்சி. அழுக்கும் வார்னிஷும் சேர்ந்து இரவாக்கிவிட்டன, 1940-களில் சுத்தம் செய்த பிறகு பகல் ஓரளவு திரும்பி வந்தது. ஆனால் நாம் பேசும் இருட்டு அப்படித் தானாக வந்து சேர்ந்ததில்லை. இந்த இருட்டுக்குப் பேர்போன இத்தாலிய ஓவியர் கரவாஜியோ இறந்து பத்து வருஷம் கழிந்த சமயத்தில், ரோமில் மருத்துவராக இருந்த ஜூலியோ மான்சினி இந்தப் பாணியைப் பற்றி எழுதிவைத்தார்: சுவர்களுக்குக் கறுப்பு அடித்த அறையில் உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல் இருந்தால் எப்படியோ, அப்படி மேலிருந்து ஒரே வெளிச்சம், எதிரொளி எதுவும் கிடையாது. அதாவது படங்கள் புதிதாக இருக்கும்போதே இருட்டுதான்.

பழைய ஓட்டு வீட்டில் நடுப்பகலில் இருந்தவர்களுக்கு அந்த வெளிச்சம் தெரிந்திருக்கும். கூரையில் பதித்த ஒற்றைக் கண்ணாடி ஓடு வழியாக வெயில் ஒரு தூணாக இறங்கும். அது விழும் இடத்தில் தரையின் ஒவ்வொரு கீறலும் தெரியும், ஒரு முழம் தள்ளி நிற்பவரின் முகம் தெரியாது. வெளிச்சத்தின் ஓரம் கத்தரித்தது போல இருக்கும். லியோனார்தோ காலத்து ஓவியர்கள் விரும்பியது இதற்கு நேர் எதிரான ஒன்று: சாயங்கால வெளிச்சம், எங்கே ஒளி முடிந்து நிழல் தொடங்குகிறது என்று சொல்ல முடியாத மென்மை. 1600 வாக்கில் ரோமில் ஒருவர் அந்த மென்மையை வேண்டாம் என்று தள்ளினார். முப்பது வயதுகூட நிறையாதவர்.

மிக்கேலாஞ்சலோ மெரிசி, 1571-ல் பிறந்தவர், குடும்பத்தின் ஊரான கரவாஜியோவின் பெயராலேயே அறியப்பட்டவர். லொம்பார்டி பகுதிக்காரர். அந்தப் பகுதியில் இரவுக் காட்சி வரைகிற பழக்கம் ஏற்கெனவே இருந்தது. சவோல்தோ என்பவர் 1530-களிலேயே இயேசுவின் சீடர் மத்தேயுவையும் தேவதூதரையும் விளக்கு வெளிச்சத்தில் வரைந்திருக்கிறார். வெனிசில் டிஷியன் புனித லாரன்சை நெருப்பின் மேல் வாட்டும் காட்சியை நள்ளிரவில் வைத்தார். ஆகவே இருட்டைக் கண்டுபிடித்த பெருமை கரவாஜியோவுக்குச் சேராது. அவர் செய்த காரியம் வேறு: ஒளியைக் கதைக்குள் ஒரு ஆளாக ஆக்கினார். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், இதற்கு ஒரு நல்ல சாட்சியும் இருக்கிறது. முதலில் மத்தேயுவைப் பார்த்துவிடுவோம்.

ரோமில் சான் லுயிஜி தெய் பிரான்செசி என்று பிரெஞ்சுக்காரர்களின் ஆலயம் ஒன்று உண்டு. அதில் ஒரு சிற்றாலயத்தை மத்தேயோ கொந்தரெல்லி என்ற பிரெஞ்சு கர்தினால் வாங்கி, தன் பெயருக்குரிய புனிதரான மத்தேயுவின் வாழ்க்கையை அங்கே வரையச் சொல்லியிருந்தார். அவர் 1585-ல் இறந்தார், வேலை இழுத்துக்கொண்டே போனது. கூரையில் சுவரோவியம் வரைந்த ஜுசேப்பே செசாரி பக்கச் சுவர்களை வெறுமையாக விட்டுவிட்டார். கடைசியில் 1599-ல் அந்த இரண்டு சுவர்களும் 400 ஸ்கூதிக்கு (அன்றைய ரோம் நாணயம்) கரவாஜியோவிடம் வந்தன. அடுத்த ஆண்டே முடித்துக் கொடுத்தார்.

இடது சுவரில் 'மத்தேயுவின் அழைப்பு': வரி வசூலித்துக்கொண்டிருந்த மத்தேயுவை இயேசு சீடராகக் கூப்பிடும் காட்சி. ஏறக்குறைய மூன்றேகால் மீட்டர் உயரம், அதைவிடச் சற்று அதிக அகலம். வரி வசூலிக்கும் ஆயக்காரர்கள் ஐந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காசு எண்ணுகிறார்கள். உடை எல்லாம் 1600-ம் வருஷத்து ரோம் உடை: இறகு வைத்த தொப்பி, பட்டுக் கைச்சட்டை. ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காசையே பார்க்கிறார். வலது ஓரத்தில் இயேசு நிற்கிறார், முன்னால் நிற்கும் பேதுரு அவரைப் பாதி மறைத்துவிடுகிறார். இயேசுவின் தலைக்கு மேல் நூல் அளவுக்கு ஒரு ஒளிவட்டம் இருக்கிறது, தேடினால்தான் தெரியும். அவருடைய கால்கள் திரும்பிப் போகவே தயாராகிவிட்டது போல இருக்கின்றன. கூப்பிட்டாயிற்று, வருகிறவன் வரட்டும் என்பது போல.

இப்போது ஒளியைப் பாருங்கள். காட்சிக்குள் ஒரு ஜன்னல் இருக்கிறது, பெரிய ஜன்னல். ஆனால் அதிலிருந்து பொட்டு வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை. வெளிச்சம் வலது பக்கம் மேலிருந்து, இயேசுவின் தலைக்கு மேலாக, சாய்வாக இறங்கி, சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டு நேராக மேஜைக்காரர்களின் முகத்தில் விழுகிறது. நீட்டிய கையும் அந்த ஒளியும் ஒரே திசையில் போகின்றன. அந்தக் கை, சிஸ்டைன் ஆலயத்தில் மிக்கேலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கையை ஒத்தது. ரோமில் அன்று ஓவியம் தெரிந்தவர்கள் பார்த்த உடனே பிடித்திருப்பார்கள். ஆனாலும் கைக்கு முன்பே ஒளி போய்ச் சேர்ந்துவிட்டது. "என்னைப் பின்பற்றி வா" என்ற வார்த்தையை வரைய முடியாது. அந்த வார்த்தையின் இடத்தில் இந்த வெளிச்சம் இருக்கிறது.

இதில் யார் மத்தேயு என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. நடுவில் தாடிக்காரர் ஒருவர் விரலை நீட்டுகிறார், "நானா?" என்று தன்னைக் காட்டுகிறார் என்பது வழக்கமான வாசிப்பு. இல்லை, பக்கத்தில் கோடியில் தலை குனிந்து காசு எண்ணும் இளைஞனைத்தான் "இவனா?" என்று காட்டுகிறார், அவன்தான் மத்தேயு என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். நான் தாடிக்காரர் பக்கம். அதே ஆலயத்தின் மற்ற இரண்டு ஓவியங்களிலும் மத்தேயு தாடியோடுதான் இருக்கிறார், நடுமுகத்தில் வந்து அடிக்கும் ஒளியும் அவருக்கே முழுசாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பையனைப் பாருங்கள்: ஒளி வந்துவிட்டது, அவன் மட்டும் நிமிரவில்லை. அந்த வாசிப்பிலும் ஒரு பயங்கரம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்தப் படத்தைப் புத்தகத்திலோ திரையிலோ பார்த்தால் விட்டுப்போகும் விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சிற்றாலயத்தில் பீடத்துக்கு மேலே அரைவட்ட ஜன்னல் இருக்கிறது. இடது சுவரைப் பார்த்து நின்றால் அந்த ஜன்னல் உங்கள் வலது கைப் பக்கம். படத்திலும் ஒளி வலது பக்கத்திலிருந்துதான் வருகிறது. திரும்பி எதிர்ச் சுவரில் 'மத்தேயுவின் வேதசாட்சி மரண'த்தைப் பார்த்தால் ஜன்னல் உங்கள் இடப் பக்கம். அந்தப் படத்தில் ஒளி இடமிருந்து வருகிறது. அதாவது ஆலயத்தின் உண்மையான ஜன்னல் வெளிச்சமே ஓவியத்துக்குள் நுழைந்து போவது போலக் கணக்குப் போட்டு வரைந்திருக்கிறார். நீங்கள் நிற்கும் இடமும் மத்தேயு உட்கார்ந்திருக்கும் இடமும் ஒரே அறை ஆகிவிடுகிறது. (இன்று அங்கே நாணயம் போட்டால் கொஞ்ச நேரம் எரியும் மின்விளக்கு வைத்திருக்கிறார்கள். வசதிதான். ஆனால் மின்விளக்கு இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். முதலில் காசு போடாமல் கண்ணைப் பழக்கிப் பார்ப்பது நல்லது.)

சரி, சாட்சி என்று சொன்னேனே, அது பவுல்.

1600 செப்டம்பரில், மத்தேயு படங்கள் பேர் வாங்கிக் கொடுத்த சூட்டில், திருத்தந்தையின் பொருளாளர் திபேரியோ செராசி இன்னொரு சிற்றாலயத்துக்கு இரண்டு படம் கேட்டார்: பேதுருவைச் சிலுவையில் அறைவது, பவுலின் மனமாற்றம். இடம் சாந்தா மரியா தெல் போப்போலோ ஆலயம். பவுலை மட்டும் கரவாஜியோ வரைந்த இரண்டு வடிவங்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன. முதல் வடிவம் சைப்ரஸ் மரப் பலகையில் வரைந்தது, ரோமில் ஒதெஸ்கால்கி குடும்பத்தாரிடம் இருக்கிறது. இரண்டாவது கேன்வாஸில், இன்றும் ஆலயச் சுவரில்.

விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூல் சொல்வது என்ன? கிறிஸ்தவர்களைப் பிடிக்கத் தமஸ்குவுக்குப் போகும் சவுலை (பவுலின் பழைய பெயர்) வழியில் திடீரென்று வானத்து ஒளி சூழ்கிறது, தரையில் விழுகிறான், ஒரு குரல் கேட்கிறது, எழுந்தால் கண் தெரியவில்லை, மூன்று நாள் குருடனாக இருக்கிறான். கதையின் மையமே ஒளி. குதிரை பற்றி ஒரு வார்த்தை கிடையாது, அது ஓவியர்கள் சேர்த்தது.

முதல் வடிவத்தில் கரவாஜியோ எல்லோரும் செய்வதைச் செய்தார். மேல் மூலையில் இயேசு ஒரு தேவதூதரோடு வானத்திலிருந்து பாய்ந்து கை நீட்டுகிறார். சவுல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறான். ஒரு கிழட்டு வீரன் ஈட்டியும் கேடயமுமாக வானத்தை எதிர்க்கப் பார்க்கிறான். குதிரை மிரள்கிறது, மரக்கிளை முறிகிறது. ஒரே நெரிசல், ஒரே சத்தம். இரண்டாவது வடிவத்தில் இயேசு இல்லை. தூதர் இல்லை. வானமே இல்லை. ஒரு பெரிய குதிரையின் உடம்பு படத்தில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு நிற்கிறது, மிதித்துவிடாமல் ஒரு காலைத் தூக்கியபடி. லாயக்காரர் போன்ற ஒரு வயசானவர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார், நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கீழே சவுல் மல்லாந்து கிடக்கிறான், கண் மூடியிருக்கிறது, கைகள் இரண்டும் விரிந்து மேலே. அந்தக் கைகளுக்கு நடுவே இருப்பது ஒளி மட்டும்.

ஒரே ஓவியர், ஒரே கதை, ஓரிரண்டு வருஷ இடைவெளி. முதலில் கடவுளை வரைந்தார், பிறகு கடவுளை எடுத்துவிட்டு ஒளியை வைத்தார். படத்தில் எதுவும் குறைந்துபோகவில்லை, கூடித்தான் இருக்கிறது. பரோக் புனிதர் படங்களில் வெளிச்சம் என்ன வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு பவுலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். ஒளிவட்டமும் தங்க முலாமும் மேகத்து வாசலும் செய்த வேலை முழுக்க ஒளியின் தலையில் வந்துவிட்டது.

இது சாத்தியமானதற்கு ஒரு கைத்தொழில் காரணம் உண்டு. முந்தைய தலைமுறைகள் வெள்ளை அல்லது வெளிர் அடிப்பூச்சின் மேல் வரைந்தன. நிழலைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கரவாஜியோ கரும்பழுப்பு அடிப்பூச்சு போட்டார். அப்போது இருட்டு இலவசம். ஒளி படும் இடத்தை மட்டும் வரைந்தால் போதும், நடுத்தர நிழல் வரும் இடத்தில் அடிப்பூச்சையே அப்படியே விட்டுவிடலாம். அவர் கையால் வரைந்த முன்வரைவுத் தாள் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் ஈரமான அடிப்பூச்சில் கூரான எதையோ வைத்துக் கீறிய கோடுகள் பல படங்களில் இருக்கின்றன. மாடலாக நிற்பவரின் தலை எங்கே, தோள் எங்கே என்பதற்கான அடையாளம் போலிருக்கிறது. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் அவை தெரியும். வயது ஏற ஏற அவர் விட்டுவிடும் இடம் கூடிக்கொண்டே போனது. 1606-ல் சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டு ரோமிலிருந்து ஓடி, மால்டாவில் சிறைப்பட்டு, அங்கிருந்தும் தப்பி 1608-ல் சிசிலிக்கு வந்து சிரக்கூசாவில் வரைந்த 'புனித லூசியாளின் அடக்க'த்தில் படத்தின் மேல்பாதி வெறும் சுவர்தான். முன்னால் குழி தோண்டும் இரண்டு பேர் மலைபோல நிற்கிறார்கள், அவர்களுக்கு இடையில் தரையில் சின்னதாகப் புனிதை. ஒளி முதலில் விழுவதே குழி தோண்டுபவர்களின் தசையில்தான்.

இதை ஆலயம் ஏன் கேட்டு வாங்கியது? புராட்டஸ்டண்டுகள் படங்களை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1563 டிசம்பரில், கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் தன் கடைசி அமர்வில் படங்களை வைத்துக்கொள்ளலாம், வைக்கவும் வேண்டும் என்று முடிவு செய்தது. நிபந்தனையோடுதான்: படம் மக்களுக்குக் கற்பிக்க வேண்டும், மூடநம்பிக்கையும் ஆபாசமும் கூடாது. இன்னொரு பக்கம் இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய இஞ்ஞாசியார், தியானிக்கிறவர் அந்த நிகழ்ச்சி நடந்த இடத்தை மனக்கண்ணால் கட்டிக்கொண்டு உள்ளே போய் நிற்க வேண்டும் என்று பயிற்சி எழுதி வைத்திருந்தார். கரவாஜியோ அதைப் படித்துவிட்டு வரைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் படத்துக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் அப்படிப் பார்க்கப் பழகியவர்கள். அவர்களுக்கு மேகத்தின் மேல் மிதக்கும் புனிதரைவிட, தங்கள் தெருக்காரர் போல இருக்கும் மத்தேயுமேல் விழும் வெளிச்சம் நெருக்கமாக இருந்தது.

எப்போதும் சுமுகமாகப் போகவில்லை. அதே மத்தேயு ஆலயத்தின் பீடத்துக்கு முதலில் வரைந்த படத்தில் மத்தேயு வெறுங்காலோடு, எழுத்தே தெரியாத பாட்டாளி போல உட்கார்ந்திருக்க, ஒரு தேவதூதர் கையைப் பிடித்து எழுத வைக்கிறார். மரியாதையாக இல்லை என்று அதைத் திருப்பிவிட்டதாகச் சொல்வார்கள். 1602-ல் வேறொன்று வரைந்து கொடுத்தார். முதல் படம் பெர்லினுக்குப் போய் 1945-ல் போரின் முடிவில் அழிந்துவிட்டது, நமக்கு மிஞ்சியது கறுப்பு வெள்ளைப் புகைப்படம்தான். மாதாவின் மரணத்தை வரைந்த படத்தில் உடம்பு வீங்கியிருக்கிறது, பாதம் திறந்திருக்கிறது என்று கார்மேல் சபைத் துறவிகள் மறுத்துவிட்டார்கள். ஓவியர் ரூபன்ஸ் அதைப் பார்த்துவிட்டு மாந்துவா கோமகனிடம் வாங்கச் சொன்னார். இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒளி ஒரு உடம்பின் மேல் இவ்வளவு நேர்மையாக விழுந்தால் அந்த உடம்பு புனிதருடையதாகத் தோன்றாமல் போய்விடலாம். அந்தச் சிக்கல் கடைசிவரை தீரவில்லை.

தோமா பற்றியும் ஒரு வார்த்தை, நம்மில் பலருக்கு அவர் பரங்கிமலையும் மயிலையும் வழியாகத் தெரிந்தவர் என்பதால். ஜெர்மனியின் பொட்ஸ்டாமில் இருக்கும் 'தோமாவின் ஐயம்' படத்தில் நான்கு தலைகள் நெருங்கிக் குவிகின்றன. இயேசுவே தோமாவின் மணிக்கட்டைப் பிடித்து விரலைக் காயத்துக்குள் செலுத்துகிறார். ஒளி விழுவது தோமாவின் சுருங்கிய நெற்றியிலும், தையல் விட்ட அவருடைய தோள்பட்டையிலும். ஒளிவட்டம் யாருக்கும் கிடையாது. தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவருக்கு இவ்வளவு அருகில், இவ்வளவு கூரான வெளிச்சம் பொருத்தம்தானே.

கரவாஜியோ 1610-ல் இறந்துவிட்டார், முப்பத்தெட்டு வயது. அதன் பிறகு இந்த ஒளி ஐரோப்பா முழுக்கப் போனது. போன இடத்தில் எல்லாம் ஒரே வேலையைச் செய்யவில்லை, எனக்கு அதுதான் சுவாரசியம்.

நேப்பிள்ஸில் ரிபேரா. ஸ்பெயினின் வலென்சியா பகுதிக்காரர், 1616 முதல் நேப்பிள்ஸ்வாசி. இவருடைய ஜெரோமையும் பர்த்தலமேயுவையும் பார்த்தால் ஒளி தோலைத்தான் தேடுகிறது என்பது புரியும். கிழவர்களின் நெற்றி, கழுத்துத் தொங்கல், விலா எலும்பு. சுருக்கம் போகும் திசையிலேயே தூரிகையும் போகிறது. வண்ணத்தைத் தடியாக வைத்து, சுருக்கத்தைத் தொட்டால் தட்டுப்படும் மேடாகவே ஆக்கிவிடுவார். தோலுரிக்கப்பட்டு இறந்த பர்த்தலமேயு இவருக்கு மறுபடி மறுபடி வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இவரும் கடைசிவரை இருட்டிலேயே இருக்கவில்லை. 1639-ல் வரைந்த 'பிலிப்புவின் மரணம்' மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னால் பளிச்சென்ற நீல வானம். பகல் வெளிச்சத்தில் ஒரு மனிதனைக் கயிறு கட்டித் தூக்குகிறார்கள். இருட்டு இருந்திருந்தால் அந்தப் படம் இன்னும் கொஞ்சம் சகிக்கும்படி இருந்திருக்கும்.

செவில்லில் சுர்பரான். எனக்கு இந்தக் கூட்டத்தில் மிகவும் பிடித்த ஒரே ஒரு படம் கேட்டால் இவருடைய 'புனித செராபியோன்' என்பேன், 1628. இப்போது அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து வாட்ஸ்வொர்த் அதீனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெர்சிடாரியன் சபை கைதிகளை மீட்பதற்காக ஏற்பட்டது. தேவைப்பட்டால் கைதிக்குப் பதில் தானே பிணையாக நிற்பது அவர்களுடைய வார்த்தைப்பாடு. அந்தச் சபையின் செராபியோன் 13-ம் நூற்றாண்டில் சித்திரவதையில் இறந்தவர். கதைகளில் அந்தச் சாவு கொடூரமானது. சுர்பரான் படத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. மணிக்கட்டுகளில் கயிறு, தோள்மேல் சாய்ந்துவிட்ட தலை, லேசாகத் திறந்த வாய். அவ்வளவுதான் உடம்பு. படத்தின் மீதி முழுக்க வெள்ளை அங்கி.

அந்தத் துணியைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளை என்று சொல்கிறோம், அதில் மஞ்சள் ஏறிய வெள்ளை, சாம்பல், மடிப்பின் ஆழத்தில் கிட்டத்தட்டப் பழுப்பு எல்லாம் இருக்கின்றன. கைகள் மேலே கட்டப்பட்டிருப்பதால் துணி கனத்துத் தொங்குகிறது, உடம்பின் எடை முழுவதும் அந்த மடிப்புகளில்தான் தெரிகிறது. நடுவில் சபையின் சின்னம் சிவப்பும் மஞ்சளுமாக, படத்தில் இருக்கும் ஒரே பளிச் நிறம். வலது பக்கம் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருக்கிறது, அதில் அவர் பெயர். செவில்லில் இந்தப் படம் தொங்கியது அந்தச் சபையின் மடத்தில், இறந்த துறவிகளை அடக்கத்துக்கு முன் கிடத்தும் அறையில். அதே வெள்ளை அங்கியில் ஒருவர் கீழே கிடப்பார், மேலே சுவரில் இன்னொருவர். இங்கே ஒளி யாரையும் கூப்பிடவில்லை, யாரையும் கீழே தள்ளவில்லை. காயத்தைக் காட்டாமல் துணியைக் காட்டி, முடிந்துவிட்டது என்று சொல்கிறது.

பிரான்சின் ஓரத்தில் லொரேன் பகுதியில் ஜார்ஜ் த லா தூர் இன்னொரு வழியில் போனார். கரவாஜியோவின் ஒளி எங்கிருந்து வருகிறது என்பது படத்துக்கு வெளியே. லா தூர் விளக்கைப் படத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார். லூவ்ரில் உள்ள 'தச்சர் சூசையப்பர்' படத்தில் சூசையப்பர் குனிந்து ஒரு கட்டையில் துளை போடுகிறார், சிறுவன் இயேசு மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டிருக்கிறான். காற்றில் அணையாமல் இருக்க இன்னொரு கையால் சுடரை மறைக்கிறான். அந்த விரல்களின் ஊடாக வெளிச்சம் சிவப்பாகத் தெரிகிறது, நகத்தின் அழுக்கு உட்பட. சூசையப்பரின் வழுக்கை நெற்றி மினுங்குகிறது. ஆனால் படத்திலேயே அதிகப் பிரகாசம் பையன் முகம்தான், மெழுகுவர்த்தி அவ்வளவு பக்கத்தில் இருப்பதால். அற்புதம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, இயற்பியல்தான். கீழே கிடக்கும் கட்டைகள் சிலுவை போல இருக்கின்றன என்பதைக்கூடப் பார்ப்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அவர் வாழ்ந்த லூனேவில் 1638-ல் எரிந்தது. அந்த ஊர்க்காரர் இவ்வளவு அமைதியான நெருப்பை வரைந்தார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

கல்லில் இதைச் செய்தவரும் உண்டு. ரோமில் சாந்தா மரியா தெல்லா வித்தோரியா ஆலயத்தில் சிற்பி பெர்னினி செய்த புனித அவிலா தெரசாவின் பரவசச் சிலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். நிஜமான பகல் வெளிச்சம் அதன் வழியாக இறங்கித் தங்க முலாம் பூசிய கதிர்களில் பட்டுச் சிலை மேல் விழும். கரவாஜியோ வரைந்து காட்டியதை இவர் கட்டிடமாகவே கட்டிவிட்டார். எனக்கு இது கொஞ்சம் அதிகமாகத் தோன்றும், ஆனால் திறமையை மறுக்க முடியாது.

எல்லா பரோக்கும் இருட்டு என்றும் நினைத்துவிட வேண்டாம். ரூபன்ஸின் புனிதர்கள் நிறைய வெயிலில் இருக்கிறார்கள். கீதோ ரேனி இளமையில் பேதுருவின் சிலுவைச் சாவைக் கரவாஜியோ பாணியில் வரைந்துவிட்டு, அப்புறம் வெளிர் நீலமும் ரோஜா நிறமுமாக மாறிப்போனார். காலடியில் சாத்தானை மிதித்து வாள் ஓங்கி நிற்கும் மிக்கேல் சம்மனசு படம் எத்தனையோ கத்தோலிக்க வீடுகளில் இருக்கும். பலவற்றின் மூலம் ரேனி 1635-ல் வரைந்த படம்தான். நாள்காட்டிகளிலும் ஜெபப் புத்தகங்களிலும் ஜெயித்தது அந்த வெளிச்சமான கிளை.

இப்போது உங்கள் மூன்றாவது ஊகம்: நாடக பாணியா? ஆகிப்போனது என்பதுதான் சரி. ஹாலந்திலிருந்து ரோமுக்கு வந்து இரவுக் காட்சிகளுக்கே பேர் போன ஹொன்தார்ஸ்ட் ஊர் திரும்பி, 1622-ல் பல் பிடுங்குபவர் ஒருவரை அதே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வரைந்தார். நல்ல படம், சிரிப்பு வரும். ஆனால் அங்கே ஒளி பல்லைத்தான் தேடுகிறது. சீட்டாட்டக்காரர், குறி சொல்பவர், குடிகாரர் எல்லோருக்கும் இதே வெளிச்சம் கிடைத்தது. 1660-களுக்கு வந்தபோது வாங்குகிறவர்களுக்கு அலுத்துவிட்டது. செவில்லில் முரில்யோவின் மென்மையான மாதாக்கள் வந்த பிறகு சுர்பரானுக்கு மவுசு குறைந்தது. கரவாஜியோ ஓவியக்கலையை அழிக்கவே வந்தவர் என்று பிரெஞ்சு ஓவியர் பூசான் சொன்னதாக ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருந்தது. லா தூரின் பெயரே மறந்துபோய், அவருடைய படங்கள் வேறு ஆட்களின் பெயரில் தொங்கின. 1915-ல் ஜெர்மன் கலை வரலாற்றாளர் ஹெர்மன் ஃபோஸ் வந்துதான் அவற்றை ஒருவர் கையாக அடையாளம் காட்டினார். கரவாஜியோ பெரும் மக்கள் கூட்டத்துக்குத் திரும்பி வந்தது 1951-ல் மிலானில் கலை வரலாற்றாளர் ரொபேர்த்தோ லொங்கி நடத்திய கண்காட்சிக்குப் பிறகு.

நீங்கள் இப்போது பார்க்க ஆரம்பிப்பதாக இருந்தால் திரையின் பிரகாசத்தைக் கூட்டாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் பல நகல்களில் நிழலை ஏற்கெனவே வெளுத்துவைத்திருக்கிறார்கள், வெறும் சுவராக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் தெரியும். ஆலயமோ அருங்காட்சியகமோ தானே வெளியிட்ட நகலைத் தேடுங்கள். முதலில் இரண்டு பவுலையும், அடுத்து செராபியோனையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அது படத்துக்குள் இருக்கும் யார் கண்ணுக்காவது தெரிகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள். பவுலின் லாயக்காரருக்குத் தெரியவில்லை. மத்தேயுவின் மேஜையில் மூன்று பேர் நிமிர்ந்துவிட்டார்கள், இரண்டு பேர் இன்னும் காசு எண்ணுகிறார்கள்.